மஞ்சள் இலை எந்த இலை? தொட்டிச் செடியின் சத்துக் குறையைக் கண்டறிவது எப்படி

தொட்டியில் வளரும் தக்காளியின் இலை மஞ்சளாகிவிட்டது என்று ஒருவர் சொல்லட்டும், ஆளுக்கொரு வைத்தியம் வந்து குவிந்துவிடும். யூரியா போடச் சொல்வார் ஒருவர், எப்சம் உப்பைத் தெளிக்கச் சொல்வார் இன்னொருவர், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றச் சொல்வார் மற்றொருவர். மஞ்சளானது அடி இலையா, உச்சிக் கொழுந்தா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதைப் பார்க்காமல் எந்த உரப் பொட்டலத்தையும் பிரிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொட்டி மண் மிகச் சிறியது. வயலில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நிலம் தாங்கிக்கொள்ளும். இரண்டு கை மண்ணில் நிற்கும் செடிக்குத் தேவையில்லாத உரத்தை ஊற்றினால், அந்த உரமே அடுத்த நோயாகிவிடும்.

செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் 17 என்று தாவரவியல் கணக்கு வைத்திருக்கிறது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைத்துவிடும். மீதமுள்ள பதினான்கை வேர்தான் தேடி எடுக்க வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) மூன்றும் அதிக அளவில் தேவைப்படுபவை. சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), மக்னீசியம், கந்தகம் ஆகியவை அடுத்த வரிசை. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகியவை நுண்ணூட்டங்கள். ஒரு தனிமத்தை இன்றியமையாதது என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு டேனியல் ஆர்னான், பெரி ஸ்டவுட் என்ற இருவர் 1939-இல் வரையறை தந்தார்கள். அது இல்லாமல் செடி தன் வாழ்வை முழுமையாக முடிக்க முடியாது, வேறொரு தனிமம் அதன் வேலையைச் செய்ய முடியாது, செடியின் உடலியக்கத்தில் அதற்கு நேரடிப் பங்கு இருக்க வேண்டும். அவர்கள் ஆராய்ந்த செடியும் தக்காளிதான். பட்டியலில் கடைசியாக இடம்பிடித்த நிக்கல் 1980-களில்தான் உள்ளே வந்தது.

தேவையின் அளவில் இவற்றுக்குள் இருக்கும் இடைவெளி மலைப்பூட்டுவது. நன்றாக வளர்ந்த செடியை உலர்த்தி ஒரு கிலோ எடுத்தால் அதில் தழைச்சத்து ஏறக்குறைய 15 கிராம் இருக்கும், மாலிப்டினமோ ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனாலும் அந்தத் துளி இல்லாவிட்டால் செடி தேறாது. நுண்ணூட்டங்களைக் கண்ணளவில் அள்ளிப் போடுவது ஆபத்து என்பதற்கும் இதுவே காரணம். போரானில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு.

அடியிலா, உச்சியிலா?

சத்துகளில் சில செடிக்குள் இடம் மாறக்கூடியவை, சில ஓரிடத்தில் அமர்ந்தால் அங்கேயே இருந்துவிடுபவை. நோய் அறியும் கலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் நான்கும் நகரக்கூடியவை. மண்ணிலிருந்து வரத்து குறைந்தால் செடி தன் முதிர்ந்த இலைகளில் உள்ளதைப் பிரித்தெடுத்து இளங்குருத்துக்கு அனுப்பும். ஆகவே இவற்றின் குறை முதலில் அடி இலைகளில் தெரியும், உச்சி பச்சையாகவே இருக்கும். சுண்ணாம்புச் சத்து, போரான், இரும்பு ஆகியவை அப்படி எளிதில் நகர்வதில்லை. மாங்கனீசும் தாமிரமும் துத்தநாகமும்கூட மிகக் குறைவாகவே நகரும். பழைய இலையில் எவ்வளவு இருந்தாலும் புதிய இலைக்கு அது உதவாது. எனவே இவற்றின் குறை கொழுந்தில் தெரியும். கந்தகமும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான், ஆனால் சில செடிகளில் முழுச் செடியுமே ஒரே சீராக வெளிறிவிடும்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, செடியின் முன் அமர்ந்து மாற்றம் எந்த இலையில் தொடங்கியது என்று பார்ப்பது. இப்போது எங்கே பரவியிருக்கிறது என்பதைவிட எங்கே தொடங்கியது என்பதே முக்கியம். குறை முற்றிப்போன செடியில் எல்லா இலையும் கெட்டிருக்கும், அப்போது அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரே இடத்திலிருந்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. செயற்கை விளக்கின் கீழ் எடுத்த படத்தை நம்ப வேண்டாம், ஊதா கலந்த விளக்கொளியில் எந்த இலையும் அதன் உண்மை நிறத்தைக் காட்டாது.

அடி இலைகளில் மிகவும் குழப்பம் தருவது தழைச்சத்துக்கும் மக்னீசியத்துக்கும் இடையில்தான். இரண்டும் மஞ்சளாக்கும், இரண்டும் கீழிருந்து தொடங்கும். வேறுபாட்டை நரம்பில் பார்க்க வேண்டும். தழைச்சத்து குறைந்தால் நரம்பு உட்பட இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி, பிறகு மஞ்சளாகி உதிரும். செடியின் வளர்ச்சியும் தளர்ந்து, தண்டு மெலிந்து, புதிய இலைகள் சிறுத்திருக்கும். மக்னீசியம் குறைந்தால் நரம்புகள் பச்சையாகவே நிற்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகும். பச்சையத்தின் மூலக்கூறில் நடுவே அமர்ந்திருப்பது ஒரு மக்னீசிய அணு, அதைச் சுற்றிப் பிடித்திருப்பவை நான்கு நைட்ரஜன் அணுக்கள். இரண்டில் எது குறைந்தாலும் பச்சை நிறம் போவது அதனால்தான்.

சாம்பல் சத்துக் குறை ஓரத்தில் பேசும். அடி இலையின் நுனியும் விளிம்பும் முதலில் மஞ்சளாகி, பிறகு கருகிப் பழுப்பாகும், நடுப்பகுதி பச்சையாக இருக்கும். காய்க்கும் பருவத்தில் தக்காளியிலும் மிளகாயிலும் இது அதிகம் தெரியும், ஏனென்றால் காய்கள் சாம்பல் சத்தை ஏராளமாக இழுத்துக்கொள்கின்றன. மணிச்சத்துக் குறையில் மஞ்சளைத் தேடினால் ஏமாந்துவிடுவோம். செடி குட்டையாக நின்றுவிடும், இலை வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக இருக்கும், சில செடிகளில் அடிப்புறமும் காம்பும் ஊதா நிறம் கொள்ளும். ஊதாவைப் பார்த்ததும் மணிச்சத்தை அள்ளி வைக்கத் தேவையில்லை. குளிர்ந்த மண்ணில் தக்காளி நாற்றின் வேர் மணிச்சத்தைச் சரிவர எடுக்காது, வெப்பம் ஏறியதும் தானே தேறிவிடும். பிறவியிலேயே ஊதா நிறம் கொண்ட செடி வகைகளும் உண்டு.

ஒன்றிரண்டு அடி இலைகள் மஞ்சளாகி விழுவது இயல்பான மூப்பு. மேலே செடி செழித்து வளர்ந்துகொண்டிருக்க, நிழலில் சிக்கிய கீழ் இலை உதிர்ந்தால் அதற்கு மருந்து தேடக் கூடாது.

கொழுந்துக்கு வருவோம். இளம் இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. முற்றினால் இலை வெள்ளையாகவே மாறிவிடும். மாங்கனீசுக் குறையும் ஏறக்குறைய இதே தோற்றம்தான், ஆனால் நரம்பை ஒட்டிய பச்சை சற்று அகலமாக, கலங்கலாக இருக்கும், சிறு புள்ளிகளும் தோன்றலாம். துத்தநாகம் குறைந்தால் இலைகள் சிறுத்துக் குறுகி, கணுவிடை சுருங்கி, உச்சியில் கொத்தாக நிற்கும். எலுமிச்சை வகைச் செடிகளில் இதை அடிக்கடி காணலாம். நுனிக் குருத்தே கருகி, புதிய இலை கோணலாக, விளிம்பு கிழிந்ததுபோல் வந்தால் சுண்ணாம்புச் சத்தையும் போரானையும் சந்தேகிக்க வேண்டும். போரான் குறைந்த செடியின் தண்டும் காம்பும் எளிதில் ஒடியும்.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் தவறான வைத்தியம் செய்கிறார்கள். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து, தோல்போலக் குழிந்துவிடும் நுனி அழுகல் இந்தச் சத்துக் குறையால் வருவது. உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். மண்ணில் சுண்ணாம்புச் சத்து தாராளமாக இருக்கும்போதும் இந்தக் கோளாறு வரும் என்பதுதான் விஷயம். சுண்ணாம்புச் சத்து நீரோடு சேர்ந்து மேலேறுவது, அதுவும் நீராவிப்போக்கு எங்கே அதிகமோ அங்கே போவது. இலைகள் நீரை வேகமாக ஆவியாக்குகின்றன, காய் அப்படிச் செய்வதில்லை. மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாகும் தொட்டியில் காய்க்கு உரிய பங்கு வந்து சேராது. முட்டை ஓடு கரையவே மாதக்கணக்கில் ஆகும், கரைந்தாலும் நீர் ஓட்டம் சீராகாதவரை பயன் இல்லை. இங்கே மருந்து தண்ணீர் ஊற்றும் ஒழுங்கில் இருக்கிறது. தழைச்சத்தை, குறிப்பாக அம்மோனியா வடிவ உரத்தை, அளவோடு வைப்பதும் உதவும்.

சத்து இருந்தும் வேர் எடுக்காதபோது

இதுவரை சொன்னவை எந்தச் சத்து குறைகிறது என்பதற்கான அடையாளங்கள். ஏன் குறைகிறது என்ற கேள்வி இன்னும் முக்கியமானது. தொட்டிச் செடிகளைப் பொறுத்தவரை, முறையாக உரம் வைக்கப்படும் செடியில் தோன்றும் குறைகளில் பல, சத்து இல்லாததால் வருபவை அல்ல என்பதே நான் மீண்டும் மீண்டும் வலியுறுத்த விரும்புவது. சத்து மண்ணிலேயே இருக்கும், வேரால் எடுக்க முடியாமல் இருக்கும்.

முதல் காரணம் மண்ணின் கார அமில நிலை. பி.எச். என்ற அளவுகோலில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மண் கலந்த தொட்டிக்கு 6 முதல் 7 வரை, தென்னை நார்த்தூள் போன்ற மண்ணில்லா ஊடகத்துக்கு 5.5 முதல் 6.5 வரை பொதுவாகப் பொருந்தும். இந்த எல்லையைத் தாண்டிக் காரம் ஏறும்போது இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை கரையாத வடிவத்துக்குப் போய்விடும். பி.எச். ஒரு படி ஏறினால் கரைசலில் இருக்கும் இரும்பு அயனி ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். கடினநீரை நாள்தோறும் ஊற்றினால் அதிலுள்ள பைகார்பனேட்டுகள் மெல்ல மெல்லத் தொட்டியைக் காரமாக்கிவிடும். விறகுச் சாம்பலைத் தொடர்ந்து தூவினாலும் அதே கதிதான். அதன் பிறகு கொழுந்து மஞ்சளாவதைப் பார்த்து மேலும் உரம் வைப்பதில் பொருளில்லை. அமிலம் மிகுந்துபோனால் எதிர்ப்பக்கச் சிக்கல் வரும்: சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் போதாமல் போக, மாங்கனீசு நஞ்சாகும் அளவுக்குக் கரையும்.

இதை அறிய ஒரு எளிய சோதனை போதும். வேர்ப்பகுதியிலிருந்து ஒரு பங்கு மண் எடுத்து, இரண்டு பங்கு வாலை வடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) கலக்கி, அரை மணி நேரம் விட்டுப் பிறகு அளவுமானியால் பாருங்கள். பேனா வடிவில் வரும் மின்னணு மானி நல்லது, ஆனால் அதை 4, 7 என்ற தரக் கரைசல்களில் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். மண்ணில் நேரடியாகக் குத்திப் பார்க்கும் மலிவான ஊசி மானிகளை நான் நம்புவதில்லை.

இரண்டாவது காரணம் தண்ணீர். வேர் சத்தை உறிஞ்சுவதற்கு ஆற்றல் செலவிடுகிறது, அந்த ஆற்றலுக்கு மூச்சுக் காற்று வேண்டும். எப்போதும் நனைந்து கிடக்கும் தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. செடி தொங்கிப்போகும், இலை வெளிறும், பார்ப்பவர் வாட்டம் என்று நினைத்து மேலும் நீர் ஊற்றுவார். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். நீர் ஊற்றிய உடன் இருக்கும் எடையும், மேற்பரப்பு உலர்ந்தபின் இருக்கும் எடையும் சில நாட்களிலேயே கைக்குப் பழகிவிடும். ஐயம் நீங்காவிட்டால் செடியை மண்ணோடு மெதுவாக வெளியே சரித்து வேரைப் பாருங்கள். நலமான வேர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ உறுதியாக இருக்கும். பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்து வந்து, நாற்றமும் அடித்தால் அது அழுகல், உரத்தால் தீராது. வேர்கள் தொட்டியின் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நெருங்கிக் கிடந்தால் பெரிய தொட்டிக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது. வேரில் சிறு முடிச்சுகள் பருத்திருந்தால் நூற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். அவரை, பயறு இனச் செடிகளில் மட்டும் முடிச்சு இயல்பானது.

மூன்றாவது, உப்புத் தேக்கம். உரம் என்பது உப்புதான். நீர் ஆவியாகும், உப்பு தங்கும். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்மையான படிவு காண்பது இதன் அடையாளம். உப்பு மிகுந்த மண்ணில் நீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது, கடல் நடுவே இருப்பவனின் தாகம்தான் அந்தச் செடிக்கு. இலை நுனி கருகும், அதைச் சாம்பல் சத்துக் குறை என்று எண்ணி மேலும் உரமிட்டால் செடி சாகும். சாம்பல் சத்துக் குறையில் கருகலுக்கு முன் மஞ்சள் விளிம்பு வரும், அதுவும் அடி இலைகளில். உர மிகுதியில் இலை பெரும்பாலும் கரும்பச்சையாக இருந்தபடியே நுனி காயும். தீர்வு கழுவுதல்: தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட வேண்டும். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வடிந்த உப்பைச் செடி மறுபடி உறிஞ்சும். மின்கடத்துதிறன் மானி இருந்தால், வடிந்த நீரை அளந்து, ஊற்றிய நீரோடு ஒப்பிட்டு உப்பு எவ்வளவு தேங்கியிருந்தது என்று அறியலாம்.

சத்துகள் ஒன்றை ஒன்று தடுப்பதும் உண்டு. சாம்பல் சத்து மிகுந்தால் மக்னீசியத்தை வேர் குறைவாகவே எடுக்கும். மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகமும் இரும்பும் தடைபடும். பூக்க வேண்டும் என்ற ஆசையில் மணிச்சத்து மிகுந்த உரத்தைத் தொடர்ந்து வைத்து, கொழுந்து மஞ்சளாவதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

ஊடகமும் கணக்கில் வர வேண்டும். தென்னை நார்த்தூளில் இயல்பாகவே சாம்பல் சத்தும் சோடியமும் இருக்கும். சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கண்டால் அது அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, தன்னிடமுள்ள சாம்பல் சத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். கழுவிப் பதப்படுத்தாத நார்த்தூளில் நட்ட செடி மக்னீசியக் குறையைக் காட்டுவதில் வியப்பில்லை. மட்காத மரத்தூள், காய்ந்த சருகு ஆகியவற்றைக் கலந்த தொட்டியில் நுண்ணுயிர்கள் அவற்றை மட்கவைக்கத் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. நன்றாக மட்கியதையே கலக்க வேண்டும்.

குறைபோலத் தோன்றும் பூச்சியும் நோயும்

உரத்தைத் தொடுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். சிலந்திப்பேன் சாறு உறிஞ்சிய இலை, தூரத்தில் பார்த்தால் வெளிறியதாகத் தெரியும். அருகில் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் நுண்புள்ளிகளும், அடிப்புறத்தில் மெல்லிய நூலிழையும் இருக்கும். மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தியையும் தேடுவது வழக்கம். இந்தச் சுருட்டலைச் சுண்ணாம்புச் சத்துக் குறை என்று நினைத்து வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் செடியை இழக்கிறார்கள். கையடக்க உருப்பெருக்கி ஒன்று எந்த உரத்தையும்விட மதிப்புள்ள கருவி.

ஒரு பொது விதி கைகொடுக்கும். சத்துக் குறை நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும், ஒரே வயதுடைய இலைகளில் ஒரே வடிவில் வரும், ஒரே கலவையில் நட்ட மற்ற செடிகளிலும் தோன்றும். தேமல் நோய் திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாமல் வரும். பூச்சித் தாக்குதல் ஒரு கிளையில், ஒரு பக்கத்தில் தொடங்கும்.

மருந்தின் வரிசை

மண்ணின் ஈரம், வேர், பி.எச்., உப்பு, பூச்சி என்று எல்லாவற்றையும் பார்த்த பின்னும் சத்துப் பற்றாக்குறைதான் என்று உறுதியானால், அதை மட்டும் கொடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று உரம் வைத்தால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. தழைச்சத்துக் குறைக்கு நீரில் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் உள்ள அளவில் பாதியாகக் கரைத்து, ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் ஊற்றலாம். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் பொசுங்கும். மக்னீசியத்துக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையில் தெளித்துப் பார்க்கலாம். 19-19-19 போன்ற உரங்களில் மூன்று பேரூட்டங்கள் நிறைந்திருந்தாலும் சுண்ணாம்புச் சத்தோ மக்னீசியமோ பொதுவாக இருப்பதில்லை, அதை மட்டுமே நம்பியிருக்கும் தொட்டியில் இந்த இரண்டும் வறண்டுபோகும்.

இரும்புக்கு, கரிமப் பிணைப்பில் (செலேட்) வரும் இரும்பு உரத்தை வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5 வரைதான் நன்றாக நிற்கும், டி.டி.பி.ஏ. ஏறக்குறைய 7.5 வரை தாங்கும், அதற்கு மேல் காரமான மண்ணுக்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகையே ஏற்றது. ஆனால் காரத்தைக் குறைக்காமல் இரும்பை மட்டும் ஊட்டிக்கொண்டிருந்தால் மாதாமாதம் அதையே செய்ய வேண்டியிருக்கும்.

பிறகு காத்திருக்க வேண்டும், பலருக்கும் கடினமான பகுதி இதுதான். தெளித்த மக்னீசியமும் இரும்பும் சில நாட்களில் நிறத்தைக் காட்டலாம், மண் வழியே கொடுத்தவை ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். பழைய இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வெளிறிய இலை ஓரளவு பச்சை திரும்பக்கூடும், கருகிய திசு ஒருபோதும் திரும்பாது, நுனி அழுகிய காய் நலமாகாது. மருந்து வைத்த பிறகு விரியும் முதல் இரண்டு மூன்று இலைகளின் நிறமும் வடிவமும்தான் உண்மையான விடை. அவை நன்றாக வந்தால் உரத்தை அதே அளவில் தொடரலாம், கூட்டத் தேவையில்லை. அவையும் மஞ்சளாகவே வந்தால் மறுபடி வேரிலிருந்து தொடங்க வேண்டும். பாதி பச்சை மீந்திருக்கும் பழைய இலைகளை அதுவரை வெட்டிவிடாதீர்கள், புதியவை தலையெடுக்கும் வரை செடி அவற்றிலிருந்துதான் தன் உணவைப் பெறுகிறது.